பவளத் தொட்டி வைக்க ஆசையா? மீனுக்கு முன் தண்ணீரை வளர்க்கப் பழகுங்கள்

பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளுக்குச் சென்று திரும்பும் குடும்பங்களில் பிள்ளைகளின் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்த கோமாளி மீன், அது ஓடி ஒளிந்துகொண்ட கடல் சாமந்தி, பூந்தோட்டம்போல் விரிந்து கிடந்த பவளங்கள். "அப்பா, நம்ம வீட்லயும் இந்த மாதிரி ஒரு தொட்டி வைக்கலாமா?" என்று பிள்ளை கேட்கும். அடுத்த வாரமே அப்பா மீன் கடையில் நிற்பார். கண்ணாடித் தொட்டி, ஒரு பை உப்பு, கொஞ்சம் மணல், நான்கைந்து மீன்கள், இரண்டு பவளத் துண்டுகள் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு மாதத்திற்குள் தொட்டி காலியாகிவிடும். முதலில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகும். பிறகு பவளம் சுருங்கி, அதன்மேல் பழுப்புப் பாசி படரும். போட்ட பணமும் போய், பிள்ளையின் முகமும் வாடிவிடும். "கடல் மீன் நம்ம வீட்டுக்கு ராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைப்பவர்கள் உண்டு.

இதில் ராசிக்கு வேலை இல்லை. நல்ல தண்ணீர் மீன் வளர்த்த பழக்கத்தை அப்படியே கடல் தொட்டிக்கும் கொண்டு வருவதுதான் பெரும்பாலான நட்டத்துக்குக் காரணம்.

போத்தல் மீன் சொல்லித் தராத பாடம்

லயத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறைக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. கால்வாயில் பிடித்த சண்டை மீனை ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டு வளர்த்த அனுபவம் பலருக்கும் உண்டு. வாரம் ஒரு முறை போத்தலைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கொசுப்புழு போட்டால் போதும். மீன் நன்றாக இருக்கும். அதற்குக் காரணம் மீனின் உடலமைப்பு. சண்டை மீன் சேறும் சதுப்பும் நிறைந்த இடங்களில் வாழ்வது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். மழை பெய்தால் அதன் குட்டை பெருகும், வெயில் காய்ந்தால் சுருங்கும். மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீருக்கு அது பழகியது.

பவளப்பாறையில் வாழும் உயிர்கள் அப்படியல்ல. திறந்த கடலின் உப்பும் வெப்பமும் ஒரு நாளைக்குள் பெரிதாக மாறுவதில்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்த நிலைக்குப் பழகிய உயிர்களை நூறு, இருநூறு லிட்டர் தொட்டிக்குள் கொண்டு வருகிறோம். கடலில் அசையாமல் நிற்கும் அளவுகள் சிறிய தொட்டியில் ஒரு பிற்பகலுக்குள் மாறிவிடும். ஆகவே பவளத் தொட்டி வைப்பவரின் உண்மையான வேலை, தண்ணீரை மாறாமல் வைத்திருப்பது. மீனும் பவளமும் அந்த வேலையின் பலன்.

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஓர் உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, பவளத்துக்குத் தேவையான சக்தியின் பெரும்பகுதியைக் கொடுக்கின்றன. தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது நிறம் போய் உள்ளே உள்ள வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இதைத்தான் பவளம் வெளுத்தல் என்கிறார்கள். கடல் வெப்பம் உயர்ந்த 2010-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தீவுகளிலும் இது பரவலாக நடந்தது. ரெடாங், தியோமான், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால், வரவேற்பறையில் இருக்கும் தொட்டிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மீன் இல்லாத முதல் மாதம்

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் தீங்கு குறைவு. தண்ணீர் மாற்றும்போது அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்தக் காலத்தில் உப்புத் தண்ணீர், கல், மணல், ஓடும் பம்பு இவை மட்டும் தொட்டியில் இருந்தால் போதும். நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கடையில் விற்கும் அமோனியாச் சொட்டு மருந்தையோ ஒரு சிறு இறால் துண்டையோ போடலாம். போத்தலில் விற்கும் நுண்ணுயிர்க் கலவையும் உதவும். பரிசோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறிப் பிறகு பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தொட்டி தயார் என்று பொருள். மீனை விட்டுத் தொட்டியைச் 'சோதித்துப் பார்ப்பது' அந்த மீனை நஞ்சில் இறக்குவதற்குச் சமம்.

கல்லைக் கொண்டு தண்ணீரைக் காக்கும் இந்த வழிக்கு நம் அண்டை நாட்டோடு தொடர்பு உண்டு. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல், காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கடல் மீன்களை வளர்த்தார். அந்த முறையை 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். பின்னாளில் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து மீன் வளர்ப்பாளர்கள் அதோடு நுரை எடுக்கும் கருவியையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். இன்று வீடுகளில் வைக்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் 'பெர்லின் முறை'யை ஒட்டியவை. இப்போது கடலிலிருந்து கல்லை எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. கடையில் கிடைக்கும் காய்ந்த கல்லில் நுண்ணுயிரைக் குடியேற்றினாலே போதும். கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பைப்புத் தண்ணீரும் சமையல் உப்பும் ஆகாது

பைப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் குளோரின் சேர்க்கிறார்கள். சிங்கப்பூரில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும் என்பது சரி. குளோரமின் அப்படிப் போகாது. பைப்புத் தண்ணீரில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டும், பழைய குழாய்களிலிருந்து வரும் செம்பும் இருக்கக்கூடும். செம்பு சிறிதளவு இருந்தாலும் இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லும். எனவே ஆர்.ஓ. டி.ஐ. வடிகட்டியில் வடித்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். குடிநீருக்காக வீட்டில் மாட்டும் சாதாரண வடிகட்டி இதற்குப் போதாது. வடித்த தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் அளந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

உப்பும் அதற்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். கடல்நீரில் கால்சியம், மக்னீசியம் போன்ற பல தாதுக்கள் உள்ளன. சமையல் உப்பில் அவை இல்லை. கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, பாட்டிலில் பிடித்து வரலாமே என்று நினைப்பதும் ஆபத்து. ஆற்று முகத்துவாரத்துக்கும் துறைமுகத்துக்கும் அருகில் உள்ள கரைநீரில் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். மழைக்குப் பிறகு அதன் உப்பின் அளவும் குறைந்துவிடும்.

உப்பைத் தனி வாளியில்தான் கரைக்க வேண்டும். உயிர்கள் இருக்கும் தொட்டியில் உப்பை நேராகக் கொட்டக்கூடாது. லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 40 கிராம் உப்பு பிடிக்கும். பையின்மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பின்பற்றலாம். சிறு பம்பு போட்டுச் சில மணி நேரம் சுழல விட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்க வேண்டும். ஆயிரத்துக்கு 35, அதாவது அடர்த்தி 1.026-ஐ ஒட்டி இருந்தால் சரி.

இனி, புதியவர்கள் அதிகம் தவறும் இடம். ரசம் அடுப்பில் கொதித்து வற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் குறையும், உப்பு கரிக்கும். தொட்டியிலும் அதேதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். 180 லிட்டர் தொட்டியில் 9 லிட்டர் ஆவியானால் 35 ஆக இருந்த உப்பின் அளவு ஏறக்குறைய 37 ஆகிவிடும். அந்த இடத்தை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் உப்பு மேலும் ஏறும். எனவே குறையும் தண்ணீரை வடித்த நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். நீர்மட்டம் குறைந்தால் தானே நிரப்பும் 'ஆட்டோ டாப்-அப்' கருவியும் கிடைக்கிறது. விலையுயர்ந்த விளக்கு வாங்குவதற்கு முன் இதை வாங்குவது புத்திசாலித்தனம்.

எந்தக் கருவி என்ன வேலை செய்கிறது?

கடைக்குப் போனால் கருவிகளின் பெயர்களே தலையைச் சுற்ற வைக்கும். வேலையைத் தெரிந்துகொண்டால் குழப்பம் இல்லை.

புரோட்டீன் ஸ்கிம்மர்: பருப்பு வேகும்போது மேலே எழும் நுரையைக் கரண்டியால் எடுப்பது போன்ற வேலை இது. தண்ணீருக்குள் மிகச் சிறிய காற்றுக் குமிழிகளை விடும். கழிவுகள் குமிழிகளில் ஒட்டி நுரையாக எழுந்து மேலே உள்ள கோப்பையில் சேரும். தேநீர் நிறத்தில் நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே அது தொட்டிக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது விளங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் சேரவும் இது உதவுகிறது.

வேவ் மேக்கர்: பவளம் நடமாடாது. உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும். அதன் கழிவு அடித்துச் செல்லப்பட வேண்டும். அந்த அலையை உண்டாக்கும் சிறு விசிறி இது. எதிரெதிராக இரண்டு வைத்தால் தண்ணீர் தேங்கும் மூலைகள் இருக்காது.

விளக்கு: பவளத்தின் உள்ளே இருக்கும் நுண்பாசிகளுக்கு நீல ஒளி அதிகமுள்ள விளக்கு வேண்டும். நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். புது விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் பவளம் கருகும். குறைவாகத் தொடங்கிச் சில வாரங்களில் கூட்ட வேண்டும். சாதாரண வெள்ளை விளக்கோ ஜன்னல் வெயிலோ பாசியைத்தான் வளர்க்கும். வெயில் தொட்டியைச் சூடேற்றவும் செய்யும்.

சம்ப்: தொட்டிக்குக் கீழே, மேசைக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் இங்கே வந்து, ஸ்கிம்மரைக் கடந்து, பம்பு வழியாக மேலே திரும்பும். இது கட்டாயம் இல்லை. ஆனால் கருவிகளை மறைத்து வைக்கவும், மொத்தத் தண்ணீரின் அளவைக் கூட்டவும் உதவும். தண்ணீர் எவ்வளவு அதிகமோ, மாற்றம் அவ்வளவு மெதுவாக நடக்கும். அதனால்தான் சிறிய தொட்டி மலிவாகத் தெரிந்தாலும் பழகுபவருக்கு அது கடினம். மூன்றடித் தொட்டியே தொடங்குவதற்கு ஏற்றது.

நம் நாட்டில் பெரிய எதிரி வெப்பம்

குளிர் நாடுகளில் கடல் தொட்டி வைப்பவர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். பிற்பகலில் வீட்டுக்குள் 31, 32 டிகிரி இருக்கும்போது, விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்ந்து தொட்டியின் வெப்பம் அதற்கும் மேலே போகலாம். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும் என்பதால் மீன்களும் மூச்சுக்குத் திணறும்.

தொட்டியின் மேல் விசிறி வைத்தால் ஆவியாதல் கூடி இரண்டு டிகிரி வரை குறையலாம். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நம் நாட்டில், மழை நாள்களில் அதன் பலன் குறைந்துவிடும். ஆகவே பவளம் வைக்க விரும்புபவர்கள் சில்லர் என்ற குளிரூட்டியைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சில்லர் தண்ணீரின் சூட்டை எடுத்து அறைக்குள்தான் விடும். அதை மூடிய மேசைக்குள் வைத்தால் தன் சூட்டிலேயே திணறி, மின்சாரத்தை வீணாக்கும். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

மின் கட்டணத்தையும் தொட்டி வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, 200 வாட் சில்லர் ஒரு நாளில் மொத்தம் 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். 100 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். 25 வாட் பம்பு, 15 வாட் ஸ்கிம்மர், 10 வாட் வேவ் மேக்கர் இரண்டு ஆகியவை 24 மணி நேரமும் ஓடினால் 1.44 யூனிட். மொத்தம் நாளுக்கு 4.64 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 139 யூனிட். வீட்டில் இப்போது எத்தனை யூனிட் வருகிறது என்று பில்லைப் பார்த்து, அதோடு இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தொட்டியின் விலை ஒரு முறை கொடுப்பது. இந்தச் செலவு மாதாமாதம் வருவது. குடும்ப வரவு செலவு இதைத் தாங்காது என்றால் நல்ல தண்ணீர் மீனோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

மின்சாரம் போனால்?

இடியோடு மழை பெய்யும் மாலைகளில் மின்சாரம் போவது பல வட்டாரங்களில் நடப்பதுதான். அப்போது விளக்கு அணைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பவளம் ஒரு நாள் இருட்டைத் தாங்கும். அலை நின்றுபோவதுதான் ஆபத்து. மீன்கள் அதிகமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறைந்துவிடும். மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தீனி போடக்கூடாது.

சம்ப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பம்பு நின்றால் மேல் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி குழாய் வழியாகக் கீழே இறங்கும். சம்பில் அதற்கு இடம் விட்டிருக்காவிட்டால் நடு இரவில் வீடு முழுவதும் உப்புத் தண்ணீர்தான். தொட்டியை அமைத்த நாளிலேயே சுவிட்சை அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று சோதித்துவிட வேண்டும்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தொட்டிக்கு அடியில் தரையில் பிளக் பலகையைப் போடுவது உயிருக்கே ஆபத்து. பலகையைச் சுவரில் உயரமாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறிப் போக வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

எடையையும் மறக்கக்கூடாது. 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி நிறைய 182 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 185 கிலோவுக்கு மேல். கண்ணாடி, கல், மணல், மேசை எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும். தொலைக்காட்சி மேசை இதைத் தாங்காது. அடுக்குமாடி வீட்டில் சுவரை ஒட்டி, சமமான தரையில் வைக்க வேண்டும்.

எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

முதல் மீனாக ஒரு ஜோடிக் கோமாளி மீன் நல்ல தேர்வு. பண்ணையில் பிறந்து வளர்ந்த குஞ்சுகளே கிடைக்கின்றன. அவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை, நோயும் குறைவு. கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சாமந்தியை வளர்ப்பது புதியவர்களுக்குக் கடினம். அது நகர்ந்து போய் வேவ் மேக்கரில் சிக்கிச் செத்தால் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

படத்தில் பார்த்த நீல நிற 'டோரி' மீனைப் பிள்ளைகள் கேட்பார்கள். அது ஏறக்குறைய ஓர் அடி வரை வளரும். பெரிய இடத்தில் நீந்தித் திரிவது. மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மண்டரின் மீனும் அழகில் மயக்கும். ஆனால் அது கல்லிடுக்கில் உள்ள கண்ணுக்கெட்டாத சிறு உயிர்களையே தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. மீன் பட்டினியால் மெலிந்து சாகும்.

பவளத்தில் மென்பவளங்களோடு தொடங்கலாம். மஷ்ரூம், லெதர், பச்சைப் புல்போல் படரும் ஸ்டார் பாலிப் ஆகியவை சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். எலும்புக்கூடு கட்டும் கல்பவளங்களுக்குக் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். அளவிலும் அசையாமல் நிற்க வேண்டும். ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு அவற்றை யோசிக்கலாம். வளர்ப்பாளர்கள் தங்கள் தொட்டியில் வளர்ந்த பவளத்தை வெட்டி ஒட்டி விற்கும் 'ஃபிராக்' துண்டுகள் கிடைக்கும். கடலிலிருந்து பிடுங்கி வந்ததைவிட அவை மலிவு. நம் வீட்டில் பிழைக்கவும் வாய்ப்பு அதிகம்.

புது மீனை நேராகத் தொட்டியில் விடக்கூடாது. சிறிய தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் எல்லா மீனையும் தொற்றும். அதற்குக் கொடுக்கும் செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால், பவளம் இருக்கும் தொட்டியில் அந்த மருந்தை ஊற்றவே முடியாது.

தீவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தால் என்ன?

"கடலில் எவ்வளவோ இருக்கிறது, ஒரு சின்னத் துண்டுதானே" என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, கடல் பூங்காவில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது குற்றம். செத்துக் கரையொதுங்கிய பவளத்துக்கும் இது பொருந்தும். கல்பவளங்கள், கடல்குதிரை, பெரும் சிப்பி ஆகியவை சைட்டஸ் என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டு செல்லக்கூடாது. ஜொகூர் பாருவில் வாங்கிய கல்பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழைவதும் இதில் அடங்கும்.

கடலில் பிடிக்கும் முறையிலும் கொடுமை உண்டு. பிலிப்பீன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் 1960-களிலிருந்து சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்து வந்திருக்கிறது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் அழகாக நீந்தி, வீட்டுக்கு வந்த சில நாளில் சாகும். அது ஒளிந்திருந்த பவளமும் கடலிலேயே செத்திருக்கும். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் கடல்களையும் நம் சபா கடலையும் உள்ளடக்கியதே 'பவள முக்கோணம்'. உலகிலேயே பவள வகைகள் மிகுந்த கடற்பகுதி அது. பண்ணையில் பிறந்த மீன்தானா என்று கடைக்காரரிடம் கேட்பது அந்தக் கடலுக்கு நாம் செய்யும் சிறு உதவி.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடலில் விட்டுவிடலாம் என்பதும் தவறு. நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1980-களில் அமெரிக்காவின் புளோரிடா கடலில் தென்பட்டது. மீன் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. இன்று அது கரீபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுப்பதே முறை.

கையுறை மறக்க வேண்டாம்

பட்டன்போல் கூட்டமாக வளரும் சோவாந்திட், பாலித்தோவா வகைப் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உள்ளே இறங்கும். தெறித்தால் கண்ணைப் பாதிக்கும். இவற்றைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பவளம் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிக்கும் தண்ணீரில் போடுவது மிகவும் ஆபத்து. நஞ்சு ஆவியோடு கலந்து, வீட்டில் உள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போகும் நிலை வெளிநாடுகளில் ஏற்பட்டிருக்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

தினமும் பத்து நிமிடம், வாரம் ஒரு மணி நேரம்

தொட்டி நிலைபெற்ற பிறகு வேலை அதிகம் இல்லை. ஆனால் விடாமல் செய்ய வேண்டும். தினமும் வெப்பமானியைப் பார்ப்பது, மீன்களை எண்ணுவது, ஒரு சிட்டிகை தீனி போடுவது, குறைந்த தண்ணீரை நிரப்புவது. வாரம் ஒரு முறை பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றுவது, கண்ணாடியைத் துடைப்பது, ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவது, உப்பு, நைட்ரேட், காரத்தன்மை ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது. முழுத் தண்ணீரையும் இறைத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவும் போத்தல் மீன் பழக்கம் இங்கே கூடாது. அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிர்கள் ஒரே நாளில் போய்விடும்.

ஓர் அளவு தவறியிருந்தால் அதையும் மெதுவாகத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரே இரவில் மருந்து ஊற்றிச் சரிக்கட்டப் பார்ப்பது, தவறிய அளவைவிட அதிகத் தீங்கு செய்யும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது தொட்டியை யார் பார்ப்பது என்ற கேள்வியும் எழும். ஆட்டோ டாப்-அப் வாளியை நிரப்பி வைத்து, நாளுக்கு ஒரு சிறு பொட்டலமாகத் தீனியை அளந்து மடித்து, பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். டப்பாவோடு கொடுத்தால் மீன் மேல் உள்ள பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். பட்டினியால் சாகும் மீனைவிட, மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர் கெட்டுச் சாகும் மீனே அதிகம்.

பிள்ளை கேட்டதற்காகத் தொட்டி வாங்கும் அப்பாக்கள், அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம். மீன் இல்லாத முதல் மாதத்தில் அமோனியா ஏறி இறங்குவதைப் பிள்ளையே அளந்து எழுதட்டும். கல்லும் தண்ணீரும் மட்டும் உள்ள தொட்டியை ஆறு வாரம் பொறுமையோடு பார்த்துக்கொள்ளும் வீட்டில்தான் கோமாளி மீன் பல ஆண்டுகள் வாழும். அந்த ஆறு வாரத்தில் ஆர்வம் குறைந்துவிட்டால், தொட்டியை விற்றுவிடலாம். எந்த உயிரும் போகாது.